மதகுகள் பல, தண்ணீர் ஒன்று: லாக் லெவல் குழப்பங்கள்

அந்தக் காலத்து மாலுமிகள் கப்பலின் வேகத்தை அறியக் கயிறு கட்டிய மரக்கட்டையைக் கடலில் வீசுவார்கள். குறிப்பிட்ட நேரத்துக்குள் எவ்வளவு கயிறு ஓடுகிறது என்பதைக் கணக்கிட்டுக் குறித்து வைப்பார்கள். கட்டைக்கு ஆங்கிலத்தில் லாக் என்று பெயர். அந்தக் கணக்கை எழுதிய புத்தகமும் லாக் புத்தகம் ஆயிற்று. கப்பலுக்கு என்ன நேர்ந்தது என்று பின்னால் விசாரிக்கிறவர்களுக்கு அதுதான் சாட்சி.

மென்பொருளும் இப்படி ஒரு லாக் எழுதுகிறது. நள்ளிரவில் பணப் பரிவர்த்தனை ஒன்று பாதியில் நின்றுவிட்டது, பணம் போனதா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை என்றால், கேட்பதற்கு இருக்கும் ஒரே சாட்சி லாக் கோப்புதான். ஆனால் பல நிறுவனங்களில் இந்தச் சாட்சி ஒன்று, கேட்கும்போது வாயே திறப்பதில்லை. அல்லது, கேட்காதபோது எதை எதையோ உளறுகிறது. இரண்டுக்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றே: லாக் லெவல் எங்கே, யாரால், எத்தனை இடங்களில் முடிவு செய்யப்படுகிறது என்பது யாருக்கும் தெளிவாகத் தெரியாது.

லெவல் என்றால் என்ன?

எல்லாக் குறிப்பும் ஒரே முக்கியத்துவம் உடையவை அல்ல. "தரவுத்தளம் கிடைக்கவில்லை" என்பது எரர். "சேவை தொடங்கியது" என்பது இன்ஃபோ. "இந்த மாறியின் மதிப்பு 7" என்பது டீபக். எந்த அளவுக்கு மேலே உள்ளவற்றை மட்டும் எழுத வேண்டும் என்று வரம்பு வைப்பதுதான் லாக் லெவல். யூனிக்ஸ் உலகின் சிஸ்லாக் 0 முதல் 7 வரை எட்டு படிகள் வைத்தது. பைத்தானில் 10, 20, 30, 40, 50 என்று ஐந்து படிகள். கேட்க எளிமையாகத்தான் இருக்கிறது. ஒரே லாகிங் நூலகம் (லைப்ரரி) மட்டும் இருந்தால் உண்மையிலேயே எளிமைதான்.

ஜாவா உலகில் அது ஒன்றாக இல்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு வீட்டில் ஐந்து கணக்குப்பிள்ளைகள்

ஜாவாவில் முதலில் பரவலாகப் புழங்கியது லாக்4ஜே. பிறகு 2002-ல் ஜாவா 1.4 வந்தபோது, மொழியோடு சேர்ந்தே ஜாவா.யூடில்.லாகிங் என்ற இன்னொன்று வந்தது. நிரலர்கள் சுருக்கமாக ஜேயூஎல் என்பார்கள். இரண்டில் எதைப் பயன்படுத்துவது என்ற சண்டையைத் தீர்க்க, இரண்டுக்கும் பொதுவான முகப்பாகக் காமன்ஸ் லாகிங் வந்தது. அதன் குறைகளைத் தீர்க்க, லாக்4ஜேயை உருவாக்கிய செக்கி குல்ச்சுவே எஸ்எல்எஃப்4ஜே என்ற புதிய முகப்பையும், லாக்பேக் என்ற புதிய நூலகத்தையும் எழுதினார். 2014-ல் லாக்4ஜே 2 வெளியானது. 2015 ஆகஸ்டில் பழைய லாக்4ஜே 1-க்கு ஆயுள் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. 2017-ல் ஜாவா 9 தன் பங்குக்கு சிஸ்டம்.லாகர் என்று ஒன்றைச் சேர்த்தது.

சண்டையைத் தீர்க்க வந்த ஒவ்வொருவரும் சண்டையில் இன்னொரு கட்சி ஆகிவிட்டார்கள்!

இன்று சாதாரண ஜாவா பயன்பாடு ஒன்றை எடுத்துப் பாருங்கள். சொந்த நிரல் எஸ்எல்எஃப்4ஜேயில் எழுதும். ஸ்பிரிங் காமன்ஸ் லாகிங் முகப்பில் எழுதும். ஹைபர்னேட் ஜேபாஸ் லாகிங்கில் எழுதும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கான ஜேடிபிசி டிரைவர் ஜேயூஎல்லில் எழுதும். ஒரு வீட்டில் நான்கைந்து கணக்குப்பிள்ளைகள், ஆளுக்கு ஒரு நோட்டு. இவை எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கொண்டுவந்து சேர்ப்பதற்காகத்தான் பிரிட்ஜ் எனப்படும் பாலங்கள் எழுதப்பட்டன. பாலம் நல்ல விஷயம்தான். ஆனால் பாலத்தின் இரண்டு கரையிலும் தனித்தனிக் காவல்காரர் நிற்கிறார் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

டீபக் போட்டும் ஏன் வரவில்லை?

மிகப் பரவலான புகார் இதுதான். லாக்பேக் அமைப்புக் கோப்பில் தரவுத்தள டிரைவருக்கு டீபக் என்று தெளிவாக எழுதியாயிற்று. ஜேயூஎல்லிலிருந்து எஸ்எல்எஃப்4ஜேக்குப் பாலமும் போட்டாயிற்று. ஆனாலும் ஒரு வரிகூட வரவில்லை.

வாய்க்கால் பாசனம் தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும். தலைமதகு மூடியிருக்கும்போது கடைமடையில் இருப்பவர் தன் மடையை எவ்வளவு அகலமாக வெட்டிவிட்டாலும் சொட்டுத் தண்ணீர் வராது. இங்கே நடப்பதும் அதேதான். டிரைவர் எழுதும் குறிப்பு முதலில் ஜேயூஎல்லின் சொந்த லாகரைத் தாண்ட வேண்டும். ஜாவாவோடு வரும் அமைப்புக் கோப்பில் அதன் இயல்பான வரம்பு இன்ஃபோ. ஃபைன் என்ற படியில் எழுதப்பட்ட குறிப்பு அங்கேயே தடுக்கப்பட்டுவிடும். பாலத்தின் மீது அது கால் வைக்கவே இல்லை. பாலத்துக்கு அக்கரையில் உள்ள லாக்பேக்கில் டீபக் என்று எழுதினால் என்ன, ட்ரேஸ் என்று எழுதினால் என்ன?

இதற்குத் தீர்வு உண்டு. லாக்பேக்கில் லெவல் சேஞ்ச் ப்ராபகேட்டர் என்று ஒரு பகுதி இருக்கிறது. லாக்பேக்கில் லெவல் மாறும்போதெல்லாம் அதையே ஜேயூஎல்லுக்கும் கொண்டுபோய்ச் சொல்வது அதன் வேலை. கடைமடையில் மதகைத் திறந்தால் தலைமதகும் கூடவே திறக்கும்படி கயிறு கட்டுவது போல.

சிலர் குறுக்கு வழியாக ஜேயூஎல்லின் தலைமதகை ஒரேயடியாகத் திறந்துவிடுகிறார்கள். அப்போது தண்ணீர் வரும், ஆனால் விலை அதிகம். எழுதப்படாமலே போகப்போகும் ஒவ்வொரு குறிப்புக்கும் ஒரு பொருளை உருவாக்கி, பாலத்தைக் கடந்து, அக்கரையில் தூக்கி எறிய வேண்டியிருக்கிறது. இப்படி வீணாகும் குறிப்புகளின் செலவு 60 மடங்கு வரை கூடும் என்று எஸ்எல்எஃப்4ஜேயின் ஆவணமே எச்சரிக்கிறது. எழுதப்படும் குறிப்புகளுக்கும் சுமார் 20 சதவீதம் கூடுதல் செலவு.

இன்னொரு கண்ணியும் உண்டு. நிரலுக்குள்ளேயே ஜேயூஎல் லாகரை எடுத்து அதன் லெவலை ஃபைன் என்று மாற்றுகிறார்கள். சற்று நேரம் வேலை செய்கிறது, பிறகு தானாகவே பழைய நிலைக்குப் போய்விடுகிறது. பேய் பிசாசு எதுவும் இல்லை. அந்த லாகரை வேறு யாரும் பிடித்து வைத்திருக்காவிட்டால், ஜேயூஎல் அதைத் தளர்வாக மட்டுமே பிடித்திருக்கிறது. குப்பை அகற்றும் நேரத்தில் லாகரும் போகிறது, அதற்கு வைத்த லெவலும் போகிறது. மாறிலியாக ஒரு இடத்தில் பிடித்து வைத்தால் பிரச்சினை தீர்ந்தது.

படிகள் ஒத்துப்போவதில்லை

இரண்டு ஊர்களில் படி, மரக்கால் அளவு வேறாக இருந்தால் வியாபாரம் எப்படி நடக்கும்? லெவல்களிலும் அதே கதைதான்.

ஜேயூஎல்லில் சிவியர், வார்னிங், இன்ஃபோ, கான்ஃபிக், ஃபைன், ஃபைனர், ஃபைனஸ்ட் என்று ஏழு படிகள். எஸ்எல்எஃப்4ஜேயில் எரர், வார்ன், இன்ஃபோ, டீபக், ட்ரேஸ் என்று ஐந்தே படிகள். ஏழை ஐந்தில் அடக்க வேண்டுமானால் சில படிகள் ஒன்றாகத்தான் வேண்டும். எஸ்எல்எஃப்4ஜேயின் பாலம் ஃபைன், ஃபைனர் இரண்டையும் டீபக் ஆக்குகிறது. லாக்4ஜே 2-இன் பாலமோ ஃபைனரை ட்ரேஸ் ஆக்குகிறது. கான்ஃபிக் முதல் பாலத்தில் இன்ஃபோவோடு சேர்ந்துவிடுகிறது. இரண்டாவது பாலம் அதற்கென்று தனிப்படி ஒன்றையே உண்டாக்குகிறது. ஆக, ஒரே நூலகம், ஒரே குறிப்பு. பாலத்தை மாற்றினால் அது கோப்பில் வருவதும் வராததும் மாறிவிடும்.

எண்களும் அப்படியே. லாக்4ஜே 1-இல் டீபக் 10000, எரர் 40000. எண் கூடினால் ஆபத்து கூடும். லாக்4ஜே 2-இல் எரர் 200, டீபக் 500. எண் குறைந்தால்தான் ஆபத்து. எண்ணை வைத்து ஒப்பிட்டு நிரல் எழுதியவர்கள் பதிப்பு மாறும்போது தலைகீழாக விழ வேண்டியதுதான்.

எல்லாவற்றையும் விட வேடிக்கையானது ஃபேட்டல். லாக்4ஜேயில் அது உச்சப் படி. லாக்பேக்கில் அப்படி ஒரு படியே கிடையாது. லாக்4ஜேயில் பழகியவர் லாக்பேக்கின் அமைப்புக் கோப்பில் "மிக மோசமானதை மட்டும் எழுது" என்று நினைத்து ஃபேட்டல் என்று போடுகிறார். லாக்பேக்குக்குப் புரியாத சொல் எதுவானாலும் அது டீபக் என்றே எடுத்துக்கொள்ளும். வாயை மூடச் சொன்னால் ஊரைக் கூட்டிவிடுகிறது! எழுத்துப் பிழையோடு "இன்ஃப்" என்று போட்டாலும் கதி இதுதான்.

அமைப்புக் கோப்பே கிடைக்காதபோது இந்த நூலகங்கள் என்ன செய்கின்றன என்பதிலும் ஒற்றுமை இல்லை. லாக்பேக் டீபக் வரை எல்லாவற்றையும் திரையில் கொட்டுகிறது. லாக்4ஜே 2 எரர் தவிர மற்றதை விழுங்கிவிடுகிறது. எஸ்எல்எஃப்4ஜேக்குப் பின்னால் எந்த நூலகமும் கிடைக்காவிட்டால் அது ஒரே ஒரு எச்சரிக்கை வரியோடு நிறுத்திக்கொண்டு, அதன் பிறகு வருவது அத்தனையையும் சத்தமில்லாமல் குப்பையில் போடுகிறது. 2022-இல் வந்த எஸ்எல்எஃப்4ஜே 2.0-க்கு மாறிய பலர் இதில் மாட்டினார்கள். பழைய லாக்பேக் 1.2-ஐப் புதிய முகப்பு கண்டுகொள்ளாது என்பதே காரணம்.

பாலம் வட்டமானால்?

பெயர்களைப் பாருங்கள். லாக்4ஜே-டு-எஸ்எல்எஃப்4ஜே என்று ஒரு ஜார் கோப்பு. லாக்4ஜே-எஸ்எல்எஃப்4ஜே-இம்ப்ல் என்று இன்னொன்று. முதலாவது இங்கிருந்து அங்கே அனுப்புகிறது, இரண்டாவது அங்கிருந்து இங்கே அனுப்புகிறது. இரண்டும் ஒரே பயன்பாட்டில் வந்துவிட்டால் குறிப்பு இரண்டு வீட்டுக்கும் நடுவே பந்தாகிவிடும். யாரும் கேட்டு இவை வருவதில்லை. ஏதோ ஒரு நூலகம் தன் மடியில் கட்டிக்கொண்டு வருகிறது. பழைய லாக்4ஜே-ஓவர்-எஸ்எல்எஃப்4ஜேயும் எஸ்எல்எஃப்4ஜே-லாக்4ஜே12-உம் சேர்ந்தால் இந்தச் சுழற்சி நேரும் என்பதால், பயன்பாடு தொடங்கும்போதே கண்டுபிடித்து நிறுத்தும் சோதனையையே பின்னாளில் சேர்க்க வேண்டியதாயிற்று.

ஒரே வரி இரண்டு முறை வருவதும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். ஜேயூஎல் பாலத்தைப் போட்டவர்கள் ஜேயூஎல்லின் பழைய ஹேண்ட்லரை நீக்க மறந்திருப்பார்கள். பழைய வாய்க்காலிலும் தண்ணீர் ஓடும், புதியதிலும் ஓடும்.

எங்கே தேடுவது?

இந்த மாதிரி நேரத்தில் பெரும்பாலோர் செய்வது, இணையத்தில் கிடைத்த அமைப்புக் கோப்பை அப்படியே ஒட்டிப் பார்ப்பது. அது வேலை செய்யாவிட்டால் இன்னொன்று. அதைவிடத் தண்ணீர் வரும் திசையிலேயே நடந்து போவது நல்லது.

1. குறிப்பை எழுதும் நூலகம் எந்த லாகிங் முறையில் எழுதுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். ஊகிக்கக் கூடாது.

2. கிளாஸ்பாத்தில் உண்மையில் எந்தெந்த லாகிங் ஜார்கள் இருக்கின்றன என்று பட்டியல் எடுக்க வேண்டும். மேவன், கிரேடில் இரண்டிலும் சார்பு மரத்தைக் காட்டும் கட்டளை இருக்கிறது. பாலங்கள் எந்தத் திசையில் போகின்றன என்று ஒரு தாளில் அம்புக்குறி போட்டுப் பார்த்தால் வட்டம் இருந்தால் தெரிந்துவிடும்.

3. லாகிங் நூலகம் எந்த அமைப்புக் கோப்பைப் படித்தது என்று அதையே கேட்க வேண்டும். லாக்பேக்கின் கோப்பில் டீபக் என்ற பண்புக்கு ட்ரூ என்று கொடுத்தால் அது தன் உள்நிலையைச் சொல்லும். (இது லாக் லெவல் டீபக் அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய.) லாக்4ஜேயிலும் இதற்கு வழி உண்டு. பல நேரம் ஏதோ ஒரு ஜாருக்குள் ஒளிந்திருந்த வேறு கோப்புதான் படிக்கப்பட்டிருக்கும்.

4. லாகரின் வரம்பு, பாலத்தின் வரம்பு, கடைசியில் கோப்பில் எழுதும் அப்பெண்டரின் வரம்பு என்று மூன்றையும் வரிசையாகப் பார்க்க வேண்டும். லாகரை மட்டும் மாற்றிவிட்டு அப்பெண்டரில் உள்ள வடிகட்டியை மறப்பது வழக்கம்.

5. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். நான்கு மதகையும் சேர்த்துத் திறந்தால் எது அடைத்திருந்தது என்று கடைசிவரை தெரியாது.

இதில் என்ன இவ்வளவு பெரிய விஷயம்?

சில வரிகள் வரவில்லை, சில வரிகள் கூடுதலாக வருகின்றன, அவ்வளவுதானே என்று தோன்றலாம். அவ்வளவு மட்டும் இல்லை.

2018 மே மாதம் ட்விட்டர் நிறுவனம் தன் 33 கோடிப் பயனர்களையும் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டது. மறைகுறியாக மாற்றப்படும் முன்பே கடவுச்சொற்கள் உள் லாக் ஒன்றில் அப்படியே எழுதப்பட்டிருந்தன என்பதே காரணம். பூட்டு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சாவியை நோட்டில் எழுதி வைத்துவிட்டார்கள். அந்தச் சம்பவம் பாலத்தால் வந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் தேவையில்லாத வரி ஒன்று லாக்கில் போய் விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு அது பாடம். பல நூலகங்கள் டீபக், ட்ரேஸ் படிகளில் வலைவேண்டுகோள்களை முழுவதுமாக எழுதக்கூடியவை. பிழை தேடும் அவசரத்தில் எல்லா மதகையும் திறந்துவிட்டு, திரும்ப மூட மறப்பது எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது 2021 டிசம்பரில் வந்த லாக்4ஷெல். லாக்4ஜே 2-இல் இருந்த ஓட்டை. லாக்கில் எழுதப்படும் வரிக்குள் ஒரு குறிப்பிட்ட வடிவில் சொற்றொடரைப் புகுத்தினாலே வெளியாள் அந்தக் கணினியில் தன் நிரலை ஓட்டிவிடலாம். ஆபத்து அளவுகோலில் 10-க்கு 10 மதிப்பெண் கொடுத்தார்கள். அந்த வாரம் உலகெங்கும் அலுவலகங்களில் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: "நம்மிடம் லாக்4ஜே இருக்கிறதா?" பல இடங்களில் உடனே பதில் இல்லை. ஓட்டை இருந்தது லாக்4ஜே-கோர் என்ற பகுதியில். லாக்4ஜே-ஏபிஐயையும், எஸ்எல்எஃப்4ஜேக்கு அனுப்பும் பாலத்தையும் மட்டும் வைத்திருந்தவர்களுக்கு அந்த ஆபத்து இல்லை. ஆனால் பெயரில் லாக்4ஜே என்று இருந்ததால் இல்லாத இடத்தில் பயந்தவர்களும் உண்டு. வேறொரு ஜாரின் வயிற்றுக்குள் கோர் இருந்தது தெரியாமல் நிம்மதியாக இருந்தவர்களும் உண்டு. இந்த ஓட்டை உள்ள கணினிகள் இன்னும் பத்தாண்டோ அதற்கு மேலோகூட ஆங்காங்கே இருக்கும் என்று 2022 ஜூலையில் அமெரிக்க அரசின் ஆய்வுக் குழு அறிக்கை சொன்னது.

எந்தக் குறிப்பு எந்த வழியாகப் போகிறது என்ற வரைபடம் கையில் இருந்தவர்கள் அந்த வாரம் சில மணி நேரத்தில் வேலையை முடித்தார்கள். மற்றவர்களுக்குத் தூக்கம் போயிற்று.

யார் என்ன செய்ய வேண்டும்?

முதலில் நூலகம் எழுதுகிறவர்கள். முகப்பை மட்டும் பயன்படுத்த வேண்டும். பின்னால் லாக்பேக்கா லாக்4ஜேயா என்று முடிவு செய்வது அவர்கள் வேலை இல்லை. விருந்துக்கு வந்தவர் சமையல்காரரையும் கூட்டிக்கொண்டு வரக்கூடாது. லாகிங் நூலகத்தையும் அமைப்புக் கோப்பையும் தன் ஜாருக்குள் வைத்து அனுப்புவது, அடுத்தவர் வீட்டு மதகில் தன் பூட்டைப் போடுவது போன்றது.

அடுத்தது பயன்பாட்டை எழுதுகிறவர்கள். பின்னால் நிற்கும் நூலகம் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். பாலங்கள் எல்லாம் அதை நோக்கி மட்டும் போக வேண்டும். லெவல் அந்த ஒரு இடத்தில் மட்டும் முடிவாக வேண்டும். தேவையில்லாத லாகிங் ஜார் உள்ளே வந்தால் கட்டுமானமே நின்றுபோகும்படி சோதனை வைப்பது கடினமான காரியம் அல்ல.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. "ஸ்பிரிங் பூட் போன்றவை பாலங்களை எல்லாம் தானே போட்டுத் தருகின்றனவே, இதையெல்லாம் எதற்குத் தெரிந்துகொள்ள வேண்டும்?" நியாயமான கேள்விதான். எல்லாம் சரியாக ஓடும் வரை தெரிய வேண்டியதில்லை. ஆனால் லாக் தேவைப்படுவதே எல்லாம் சரியாக ஓடாத நாளில்தானே? தானாக அமைந்தது தானாகக் கலையும்போது, அது எப்படி அமைந்தது என்று அறிந்த ஒருவராவது குழுவில் இருக்க வேண்டும்.

கடைசியாகக் கல்லூரிகள். நான்கு ஆண்டுப் பொறியியல் படிப்பில் வரிசைப்படுத்தும் முறைகளைப் பத்து விதமாகச் சொல்லித் தருகிறார்கள். ஆய்வகத்தில் பிழை தேட, திரையில் ஒரு வரி அச்சடித்துப் பார்ப்பதோடு சரி. ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள் என்ன நினைக்கிறது என்று கேட்டறியும் கலைக்கு அரை மணி நேரம்கூட ஒதுக்குவதில்லை. வேலைக்குப் போன முதல் மாதத்திலேயே தேவைப்படுவது அதுதான். இரண்டு லாகிங் நூலகங்களையும் ஒரு பாலத்தையும் கொடுத்து, "இந்தக் குறிப்பு ஏன் வரவில்லை, கண்டுபிடி" என்று ஒரே ஒரு ஆய்வகப் பயிற்சி வைத்தால் போதும். மாணவர்கள் மதகுகளை எண்ணக் கற்றுக்கொள்வார்கள்.

லெவலைக் கூட்டுவதும் குறைப்பதும் ஒரு சொல்லை மாற்றும் வேலைதான். எந்தக் கோப்பில் உள்ள எந்தச் சொல் என்பதை அமைதியான ஒரு பகலில் கண்டுபிடித்து, குழுவில் எல்லோரும் பார்க்கும்படி எழுதி வைத்துவிடுவது நல்லது. அதைத் தேட வேண்டிய நேரம் இரவு இரண்டு மணியாக இருக்கக் கூடாது.